குடிக்க வந்தவனும் விருந்தாளிதான்

டிஸ்கி: குடிங்கன்னு சொல்ற பதிவு இல்லை இது. குடிக்காதவங்க தாராளமா படிக்கலாம். குடிக்கிறவங்க நிதானத்துல இருக்கும்போது படிக்கவும் :-)

விருந்தோம்பல்னு ஒரு வார்த்தை கிடைச்சா போதும், நம்ம ஆளுங்களைக் கையில பிடிக்க முடியாது. உடனே வள்ளுவரை மேடைக்கு இழுத்துட்டு வந்துடுவாங்க. அந்த வள்ளுவர் 9-வது அதிகாரத்தை விருந்தோம்பலுக்கும் 93-வது அதிகாரத்தைக் கள்ளுண்ணாமைக்கும் கொடுத்திருக்கிறார். 93-ஐ 2003 நவம்பர்லயே கிழிச்சாச்சு. சில்லறை மதுக்கடைகளை அரசாங்கமே எடுத்து நடத்த ஆரம்பிச்சது அப்போதான். சரி, போகட்டும். 9-ஐ ஏன்யா கிழிச்சீங்க? என் சண்டை அதுக்குத்தான்.

நான் இருப்பது கும்மிடிப்பூண்டி பக்கம். சிப்காட், ரோலிங் மில், ஃபவுண்டரி, அனல், இரும்புத் தூசி. பல இடங்களில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். வேலை செய்பவர்களில் பாதிப் பேருக்கு ஊர் பீகார், ஒடிசா, உ.பி. ஷிஃப்ட் முடிந்து வெளியே வருகிறவனுக்குப் போக என்ன இடம் இருக்கிறது? பார்க் கிடையாது, பீச் கிடையாது. பத்துப் பேர் படுக்கும் ரூமில் உட்காரக்கூட இடம் கிடையாது. மிச்சம் இருப்பது டாஸ்மாக் பார்தான்.

அங்கே அவனுக்கு என்ன உபசரிப்பு? தகரக் கூரை, ஈரத் தரை, மூணு கால் நாற்காலி. 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட பிளாஸ்டிக் கப்பும் தண்ணி பாக்கெட்டும் அங்கே மட்டும் அமோகமா ஓடும். கழிவறை? பின்னாடி சுவர். "என்னா வேணும்?" என்று கேட்கிற குரலிலேயே "சீக்கிரம் எழுந்து போ" என்பதும் சேர்ந்திருக்கும்.

இது ஏன் இப்படி இருக்கிறது என்று யோசித்தால் விஷயம் ரொம்ப சிம்பிள். சரக்கு விற்பது அரசாங்கம். பார் நடத்துவது டெண்டர் எடுத்த தனியார். அவர் காசு கொடுத்து வாங்குவது இரண்டே உரிமை: தின்பண்டம் விற்பது, காலி பாட்டில் பொறுக்குவது. சுத்தம், சுகாதாரம் எல்லாம் காகிதத்தில் இருக்கும். ஆனா டெண்டரை ஜெயிக்கிறது பணம். நீங்க திரும்ப வருவீங்களா என்ற கவலையே அவருக்குக் கிடையாது. வேற எங்கே போவீங்க? ஹோட்டல்காரன் மோசமா சமைச்சா பக்கத்து ஹோட்டலுக்குப் போகலாம். இங்கே பக்கத்துக் கடையும் அதே கடைதான்.

2022-ல் நீலகிரியில் காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் என்று திட்டம் கொண்டுவந்தார்கள். நல்ல திட்டம். பாட்டிலுக்கு ஒரு மதிப்பு வந்தாச்சு. அதைக் காலி செய்தவனுக்கு எப்போ வரும்?

முடியாத காரியமா கேட்கிறேன் என்று நினைக்காதீங்க. எங்க பக்கத்து பார் ஒன்றில் ஒரு சப்ளையர் இருந்தார். ஐம்பது வயசு இருக்கும். யார் வந்து உட்கார்ந்தாலும் முதலில் டேபிளைத் துடைப்பார், தண்ணி வைப்பார், அப்புறம் கேட்பார்: "சாப்டீங்களாண்ணே?" வடநாட்டுப் பையன்களிடம் "கானா காயா, பையா?" அவருக்குத் தெரிந்த மொத்த இந்தியும் அதுதான். இல்லை என்று தலையாட்டினால், குவார்ட்டர் மூடியைத் திறப்பதற்கு முன் சுண்டலோ முட்டையோ டேபிளுக்கு வந்துவிடும். அளவு மீறினால், "போதும்ணே, வீட்ல தேடுவாங்க." பைக்கில் வந்தவன் தள்ளாடினால் சாவியை வாங்கி வைத்துக்கொண்டு ஆட்டோ ஏற்றிவிடுவார். ராத்திரி கெட்ட வார்த்தையில் திட்டியவன் காலையில் சாவி வாங்க வரும்போது டீ வாங்கிக் கொடுப்பான்.

டெண்டர் வேற கைக்கு மாறியது. புது ஆள் தன் ஆட்களைக் கொண்டுவந்தார். பெரியவர் போய்விட்டார். அந்த பாரில் விருந்தோம்பல் என்று இருந்தது அவர் ஒருத்தர்தான். அதுக்கு டெண்டரில் ஒரு பைசா விலை போடப்படவில்லை.

இப்போ வழக்கமான இரண்டு கேள்விகளுக்கு வருவோம்.

ஒன்று, "பாரை நல்லா வெச்சா குடி கூடாதா?" மதுவால் அரசுக்கு வந்த வருவாய் 2022-23-ல் 44 ஆயிரம் கோடிக்கு மேல், 2023-24-ல் 45 ஆயிரம் கோடியைத் தாண்டியது. நாறடிச்சு வெச்சா குடி குறையும்னா, இந்நேரம் தமிழ்நாடு பூரண மதுவிலக்கு மாநிலமா ஆகியிருக்கணும். உட்கார இடமில்லாதவன் என்ன செய்வான்? வெறும் வயித்தில் 180 மில்லியை இரண்டே மடக்கில் ஊத்திக்கிட்டு கிளம்புவான். அவன் போக வேண்டியது எங்கே தெரியுமா? லாரியும் டிரெய்லரும் பறக்கிற சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையைத் தாண்டி, இல்லேன்னா தண்டவாளத்தைத் தாண்டி. நெடுஞ்சாலைக்கு 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாதுன்னு 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. டேப் வெச்சு மீட்டரை அளந்தார்கள். கடையை விட்டு வெளியே வருகிறவன் எந்த நிலைமையில் வருகிறான் என்று அளந்தார்களா?

இரண்டு, "குடிகாரனுக்கு என்னய்யா மரியாதை?" சென்னையில் நட்சத்திர ஹோட்டல் பாரில் உட்கார்ந்திருப்பவர் குடிப்பது என்ன இளநீரா? அவருக்கு மட்டும் "குட் ஈவினிங் சார்", ஏ.சி., வறுத்த முந்திரி, கிளம்பும்போது டாக்ஸி. உள்ளே போவது அதே ஆல்கஹால்தான். ஆக, மரியாதை இல்லாதது குடிகாரனுக்கு இல்லை, காசில்லாதவனுக்கு. அதை நேராவே சொல்லிடுங்களேன்.

இங்கிலாந்தில் ஏற்கனவே போதையில் இருப்பவருக்கு மது விற்பது குற்றம். 2003-ம் வருஷ லைசென்சிங் சட்டம் அப்படிச் சொல்கிறது. அதாவது, "போதும்" என்று சொல்வது அங்கே கடைக்காரன் கடமை. நம்ம பெரியவர் எந்தச் சட்டமும் படிக்காமல் அதைத்தான் செய்தார்.

நான் கேட்பது ஏ.சி. இல்லை, முந்திரி இல்லை. உட்கார ஒழுங்கான நாற்காலி. காசு கேட்காத குடிதண்ணி. தாழ்ப்பாள் உள்ள கழிவறை. தமிழ், தெலுங்கு, இந்தி, ஒடியாவில் விலைப் பலகை. சூடா ஒரு சாப்பாடு. சப்ளையருக்குச் சம்பளமும், டெண்டர் மாறினாலும் போகாத வேலையும், "போதும்ணே" என்று சொல்லும் அதிகாரமும். இத்தனை ஆயிரம் கோடியில் இதுக்கு எவ்வளவு ஆகிவிடும்?

கடையை மூடணும் என்கிறவர்கள் தாராளமா போராடுங்கள், நான் குறுக்கே நிற்கவில்லை. மூடும் வரைக்கும் உள்ளே வருகிறவன் மனுஷன். அதிலும் ஆயிரம் மைல் தாண்டி வந்து நம்ம ஊர் இரும்பை உருக்குகிறவன், எந்தக் கணக்கில் பார்த்தாலும் விருந்தாளி. அவனிடம் "சாப்டியாப்பா?" என்று கேட்க ஆள் வைக்காத ஊர், விருந்தோம்பல் பற்றி மேடை போட்டுப் பேசுவதைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாம்.