விசைப்பலகையும் தாய்மொழியும்

கணினி நேரத்தை மிச்சப்படுத்தும் கருவி என்பர். ஆயினும், அதனைக் கையாளும் முறையை அறியாதவருக்கு அதுவே நேரத்தை விழுங்கும் கருவியாகவும் அமைந்துவிடுகிறது. ஒரு பக்கக் கடிதத்தை ஒருவர் கால் மணி நேரத்தில் முடிக்கிறார். மற்றொருவர் அதற்கே ஒரு மணி நேரம் செலவிடுகிறார். இருவரிடமும் இருப்பது ஒரே வகைக் கணினிதான், பழக்கமே வேறு. கேரளத்தின் எல்லைப்புறங்களில் வாழும் தமிழ் மாணவர்களுக்கு இப்பழக்கம் ஏனையோரைவிட இன்றியமையாதது. அவர்கள் சேமிக்கும் நேரத்தோடு அவர்களுடைய தாய்மொழியின் பயன்பாடும் பிணைந்திருப்பதே அதற்குக் காரணம்.

அன்றாடக் கணினிப் பணியில் நேரம் சேமிக்கும் வழிகள் பல உள்ளன. அவற்றுள் எளியவை விசைச்சேர்க்கைகள். ‘கண்ட்ரோல்’ விசையுடன் ‘எஸ்’ விசையை அழுத்தினால் கோப்பு சேமிக்கப்படும். ‘இஸட்’ விசையை அழுத்தினால் செய்த பிழை நீங்கி முந்தைய நிலை திரும்பும். ‘எஃப்’ விசையை அழுத்தினால் நீண்ட ஆவணத்திலும் தேடும் சொல் உடனே கிட்டும். வெட்டுதல், நகலெடுத்தல், ஒட்டுதல் ஆகிய மூன்றும் இன்று எல்லார்க்கும் தெரிந்தவை. இவற்றை 1970-களில் அமெரிக்காவின் ஜெராக்ஸ் நிறுவன ஆய்வு மையத்தில் லாரி டெஸ்லர், டிம் மாட் ஆகிய இருவரும் உருவாக்கினர். எழுதியதையே திரும்பத் திரும்ப எழுதும் உழைப்பைக் குறைப்பதே இத்தகைய வசதிகளின் நோக்கம். கோப்புகளுக்கு ஆண்டு, மாதம், நாள் என்னும் வரிசையில் பெயரிடுவதும் நன்று. அவ்வாறு பெயரிட்டால் அவை தாமே கால வரிசையில் அமையும். தேடும் நேரம் குறையும்.

இவையெல்லாம் எம்மொழியில் எழுதுவோர்க்கும் பொதுவானவை. தமிழில் எழுதுவோர்க்குத் தனியே ஒரு தடை உண்டு. தமிழ்ச் சொல்லை மனத்துள் ஆங்கில எழுத்துகளாக மாற்றி, அவற்றைத் தட்டி, திரையில் மீண்டும் தமிழாகக் காணும் முறையையே பலர் பின்பற்றுகின்றனர். லகர, ளகர, ழகரங்களுக்கும் நகர, ணகர, னகரங்களுக்கும் எந்த ஆங்கில எழுத்தை இடுவது என்று ஒவ்வொரு முறையும் எண்ணிப் பார்க்க வேண்டியுள்ளது. எழுத்து தாமதமாவதோடு பிழையும் மிகுகிறது. ஈற்றில், ‘தமிழில் தட்டச்சு செய்வது கடினம்’ என்னும் எண்ணமே நிலைத்துவிடுகிறது.

இத்தடையை நீக்கும் வழி புதியதன்று. 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி ‘தமிழ்99’ விசைப்பலகை வகுக்கப்பட்டது. தமிழ்நாட்டு அரசு அவ்வாண்டிலேயே அதனை ஏற்றது. அதன் அமைப்பு தமிழ் இலக்கணத்தையே அடியொற்றியது. உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 ஆக 31 விசைகளால் 247 எழுத்துகளையும் எழுதலாம். மெய்யை அடுத்து உயிரை அழுத்தினால் உயிர்மெய் பிறக்கும். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம் அமைந்துள்ளன. அ, இ, உ ஆகிய குறில்கள் நடுவரிசையிலும், அவற்றின் நெடில்களான ஆ, ஈ, ஊ நேர் மேலேயும் உள்ளன. அடிக்கடி வரும் க, ப, ம, த ஆகியவை வலக்கை விரல்களின் கீழேயே கிடைக்கின்றன.

இம்முறையின் சிறப்பு, புள்ளி தானே விழுவதாகும். ஒரே மெய் இருமுறை வந்தால் முதல் எழுத்து புள்ளி பெறும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என இன எழுத்துகள் அடுத்தடுத்து வந்தாலும் அவ்வாறே நிகழும். ‘பாலக்காடு’ என்று எழுத ப, ஆ, ல, க, க, ஆ, ட, உ என்னும் 8 விசைகள் போதும். ஆங்கில ஒலிபெயர்ப்பில் நெடிலுக்கு இரண்டெழுத்து இட்டு எழுதினால் 11 விசைகள் வேண்டும். ‘கொழிஞ்சாம்பாறை’ என்னும் ஊர்ப்பெயருக்குத் தமிழ்99 முறையில் 12 விசைகள், ஒலிபெயர்ப்பில் 16. ஒரு சொல்லில் மூன்று விசைகள் குறைந்தால், 200 சொற்கள் கொண்ட கடிதத்தில் 600 விசைகள் குறையும். சிறுதுளி பெருவெள்ளம் என்பது இங்கும் பொருந்தும்.

‘குரலைக் கேட்டு எழுதும் வசதி வந்துவிட்ட காலத்தில் விரல் பயிற்சி எதற்கு?’ என்று சிலர் வினவலாம். அவ்வசதி பயனுடையதே. ஆனால், அதற்குப் பெரும்பாலும் இணையத் தொடர்பு வேண்டும். வகுப்பறையின் இரைச்சலில் அது தடுமாறும். வட்டார வழக்கையும் சிற்றூர்ப் பெயர்களையும் பிழையாக எழுதிவிடுவதும் உண்டு. பிழை திருத்த மீண்டும் விசைப்பலகையையே நாட வேண்டியிருக்கும். ‘புதிய விசைப்பலகையைப் பழகவே நேரம் செலவாகுமே’ என்பது மற்றொரு தடை. தொடக்கத்தில் வேகம் குறைவது உண்மையே. நாள்தோறும் சிறிது நேரம் பயின்றால் விரல்கள் இடமறியும்; அதன்பின் அச்செலவு வாழ்நாள் முழுவதும் வரவாகத் திரும்பும்.

இனி, எல்லைப்புறத் தமிழர்க்குரிய காரணத்தைக் காண்போம். பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டாரத்திலும், இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை வட்டங்களிலும் தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். 1969-இல் இயற்றப்பட்ட கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே கடிதம் எழுதவும், தமிழிலேயே மறுமொழி பெறவும் வழிசெய்துள்ளது. மொழிச் சிறுபான்மைப் பகுதிகளென அறிவிக்கப்பட்ட இடங்களின் உள்ளூர் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும். குறை தீர்க்கக் கோரும் மனுவை நாட்டிலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் அளிக்கலாம் என்று இந்திய அரசமைப்பின் 350-ஆம் பிரிவும் கூறுகிறது.

சட்டம் உரிமையைத் தந்துள்ளது. அதனைப் பயன்படுத்தும் திறன் மக்களிடமே பிறக்க வேண்டும். தோட்டத் தொழிலாளி ஒருவர் குடிநீர் வேண்டி மனு எழுத விரும்பினால், அதனைத் தமிழில் விரைந்து தட்டச்சு செய்து தர அருகில் ஒருவர் தேவை. அவ்வாறு ஒருவர் இல்லாத இடத்தில், தமிழில் சொன்ன குறை வேறு மொழியில் எழுதப்படுகிறது. எழுதப்பட்டது சரிதானா என்று படித்துப் பார்க்கவும் அவரால் இயலுவதில்லை. நேரமின்மை என்னும் சிறு காரணத்தால் ஓர் உரிமை பயனற்றுப் போவது வருந்தத்தக்கது.

கேரளப் பள்ளிகளில் 2001-ஆம் ஆண்டு முதலே கணினிக் கல்விக்கெனத் தனித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இன்றைய விண்டோஸிலும் லினக்ஸிலும் தமிழ்99 விசைப்பலகையைப் பணமின்றிப் பெறலாம். விண்டோஸ் கணினியில் மொழிகளைச் சேர்த்துவிட்டால், விண்டோஸ் விசையுடன் இடைவெளி விசையை அழுத்தி ஒரு நொடியில் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு மாறலாம். கருவி உள்ளது, பயிற்சியே குறை. ஆகவே, தமிழ் பயிலும் மாணவர்க்குக் கட்டுரைப் பயிற்சியோடு தமிழ்99 பயிற்சியும் அளிக்கப்பட வேண்டும். அனுப்புநர், பெறுநர், பொருள் ஆகிய தலைப்புகளுடன் மாதிரி மனு ஒன்றை மாணவர் ஒவ்வொருவரும் கணினியில் சேமித்து வைக்கலாம். தேவை வரும்போது பெயரையும் செய்தியையும் மட்டும் மாற்றினால், மனு சில நிமிடங்களில் ஆயத்தமாகும்.

தாய்மொழியில் எழுதுவது பிறமொழியில் எழுதுவதைப்போல் எளிதாகும் அன்றே மக்கள் அதனைத் தயக்கமின்றித் தேர்வர். மறையூரிலோ வட்டவடையிலோ பயிலும் ஒரு மாணவி, தன் பாட்டி சொல்லச் சொல்லத் தமிழில் மனுவைத் தட்டச்சு செய்து, அச்சிட்டு, அவர் காதுபடப் படித்துக் காட்டிக் கையொப்பம் பெறுவாளாயின், அவள் கற்ற கணினிக் கல்வி முழுமை பெற்றதாகும்.