கறுப்பு ஜன்னலைக் கண்டு பயமா?

சிதம்பரத்துல ஹாஸ்டல் ரூம். ஆன்லைன் விண்ணப்பத்துக்கு இன்னிக்குத்தான் கடைசி நாள். பக்கம் திறக்கவே மாட்டேங்குது. ரவுட்டரை நாலு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணியாச்சு. அடுத்து கடலூர் ஃப்ரெண்டுக்கு போன் போட்டுப் புலம்பறதுதானே வழக்கம்? அதுக்கு முன்னாடி ரெண்டே நிமிஷம் பாஸ்!

விண்டோஸ்ல 'சி.எம்.டி.'னு தேடுங்க. கறுப்பு ஜன்னல் ஒண்ணு வரும். அதுல 'ஐ.பி.கான்ஃபிக்' அடிச்சா, 'டீஃபால்ட் கேட்வே'க்கு நேரா ஒரு எண் தெரியும். பெரும்பாலும் அதுதான் உங்க ரவுட்டர். 'பிங்'னு அடிச்சு, இடம் விட்டு, அந்த எண்ணைப் போடுங்க. பதில் இல்லையா? கோளாறு ரூமுக்குள்ளேயே இருக்கலாம். வை-ஃபையைப் பாருங்க.

பதில் வந்தா, அடுத்து 'பிங் 8.8.8.8'. அது கூகுளோட டி.என்.எஸ். சர்வர். இங்கே மௌனம்னா, வெளியே போற லைன்ல சிக்கல். எண்ணுக்குப் பதில் வந்து, எந்தத் தளத்தோட பேரைப் போட்டாலும் 'கண்டுபிடிக்க முடியலை'ன்னா, பேரை எண்ணா மாத்தற டி.என்.எஸ்.ல சிக்கல். ஒண்ணு ஞாபகம் இருக்கட்டும்: சில சர்வர்கள் பிங்குக்குப் பதிலே சொல்லாது.

'ட்ரேசர்ட்' இன்னும் சுவாரஸ்யம். பாசஞ்சர் ரயில் கிள்ளை, பரங்கிப்பேட்டை, புதுச்சத்திரம், ஆலப்பாக்கம்னு நின்னு நின்னு கடலூர் போற மாதிரி, உங்க தகவல் தாண்டுற ஸ்டேஷன்களை வரிசையா காட்டும்.

பிங்கை 1983-ல் எழுதினவர் அமெரிக்கர் மைக் மூஸ். கடலுக்கடியில் சோனார் எழுப்புற ஒலிதான் பேருக்குக் காரணம்.

கோளாறு உங்க பக்கம்னு தெரிஞ்சா, இப்ப கடலூருக்கு போன் போடுங்க. புலம்பறதுக்கு இல்லை, "மச்சி, விவரம் சொல்றேன், நீ அங்கேருந்து அப்ளை பண்ணிடு!"