குளிர்நாட்டு அடுப்பும் நம் கூலியும்

மனிதனுடைய அத்தியாவசியத் தேவைகளை எண்ணும்போது உணவு, உடை, உறையுள் என மூன்றைச் சொல்லி நிறுத்திவிடுவது வழக்கம். இம்மூன்றுக்கும் துணையாக நிற்கும் எரிபொருளை நாம் தனியே எண்ணுவதில்லை. வீட்டில் அரிசி இருந்தாலும் அடுப்பெரிக்க வழியில்லையேல் அது சோறாகாது. பனி பெய்யும் நாடுகளிலோ, சுவரும் கூரையும் இருந்தாலும் கணப்பு இல்லையேல் அது குடியிருக்கத் தக்க வீடாகாது. இந்த நான்காவது தேவை நம் சங்க அங்கத்தினர்களின் வாழ்வை எவ்வாறு தொடுகிறது என்பதைச் சிந்திக்க வேண்டிய காலம் வந்திருக்கிறது என்று கருதுகிறோம்.

ராயபுரத்தில் இருக்கும் நமக்கு வீட்டைச் சூடாக்கும் செலவு என்பது விளங்காத செய்தியாகத் தோன்றலாம். மார்கழிப் பனிக்கு ஒரு போர்வை நமக்குப் போதும். இங்கிலாந்து, ஜெர்மனி போன்ற நாடுகளில் நவம்பர் முதல் மார்ச் வரை வீட்டினுள் வெப்பம் ஊட்டாமல் வாழ இயலாது. அங்கே பெரும்பாலான வீடுகளில் எரிவாயுவால் நீரைக் காய்ச்சி, அந்த வெந்நீரைக் குழாய்கள் வழியே அறைதோறும் செலுத்துகிறார்கள். முதியோரும் குழந்தைகளும் உள்ள வீட்டில் இது சுகபோகமன்று; உயிர் காக்கும் ஏற்பாடு.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்ததைத் தொடர்ந்து, ஐரோப்பாவுக்கு வந்துகொண்டிருந்த ரஷ்ய எரிவாயு படிப்படியாகக் குறைந்தது. முன்பே ஏறத் தொடங்கியிருந்த விலை மேலும் மேலும் உயர்ந்தது. பிரிட்டனில் ஒரு நடுத்தர அளவு உபயோகமுள்ள வீட்டின் எரிவாயு, மின்சாரச் செலவுக்கு ஆண்டுக்கு இவ்வளவு என ஓர் உச்ச வரம்பு விதிக்கப்படுகிறது. 2021 அக்டோபரில் 1,277 பவுனாக இருந்த அந்த வரம்பு, 2022 அக்டோபரில் 3,549 பவுனாகும் என அறிவிக்கப்பட்டது. அரசு குறுக்கிட்டு, செலவை ஏறத்தாழ 2,500 பவுன் அளவில் நிறுத்தி வைத்தது. அப்படியும் ஓராண்டுக்குள் சுமை இருமடங்காயிற்று. ஜெர்மனியில் அரசு அலுவலகங்களை 19 டிகிரிக்கு மேல் சூடாக்கலாகாது என உத்தரவு பிறந்தது. பிரிட்டனில் வீட்டைச் சூடாக்க இயலாதவர்கள் வந்து அமர்ந்திருக்கவென்றே நூலகங்களும் தேவாலயங்களும் திறந்து வைக்கப்பட்டன. சாப்பிடுவதா, குளிர் காய்வதா என்று குடும்பங்கள் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை செல்வந்த நாட்டிலேயே வந்துற்றது.

இனி, இதற்கும் நமக்கும் உள்ள தொடர்பைக் காண்போம். ஒரு குடும்பத்துக்குப் பண நெருக்கடி வந்தால் வாடகையை நிறுத்த முடியாது. உணவை ஓரளவே குறைக்க முடியும். கணப்பையும் முற்றிலும் அணைத்துவிட முடியாது. தள்ளிப்போடக் கூடியது துணி ஒன்றே. சென்ற ஆண்டு வாங்கிய பனியனை இந்த ஆண்டும் உடுத்திக்கொள்ளலாம் அல்லவா? அவ்விதம் இலட்சக்கணக்கான வீடுகளில் எடுக்கப்பட்ட முடிவு, அங்குள்ள கடைகளில் தேக்கமாகவும், கிடங்குகளில் குவியலாகவும், திருப்பூரில் ஆர்டர்களின் வீழ்ச்சியாகவும் வந்து முடிந்தது. 2022-ன் பிற்பகுதியில் இங்கே பல கம்பெனிகளில் வேலை நாட்கள் குறைந்தன. முழு வாரம் ஷிப்ட் பார்த்தவர்கள் மூன்று, நான்கு நாட்களோடு திரும்பினர். கட்டிங், ஓவர்லாக், செக்கிங் என எந்தப் பிரிவையும் அது விட்டுவைக்கவில்லை. எரிபொருள் விலை ஒன்றே இதற்குக் காரணம் என்று நாம் கூறமாட்டோம். அவ்வாண்டு மே மாதத்தில் பருத்தி விலை 356 கிலோ கொண்ட ஒரு கண்டிக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியதும், மேனாடுகளில் எல்லாப் பண்டங்களும் விலையேறியதும் சேர்ந்தே இந்த மந்தத்தை விளைவித்தன. ஆயினும் குளிர்நாட்டு அடுப்புக்குச் சென்ற பணத்தில் ஒரு பகுதி, நம் சனிக்கிழமைச் சம்பளமாக வந்திருக்க வேண்டிய பணம் என்பதில் ஐயமில்லை.

அதே காலத்தில் நம் வீட்டு அடுப்பின் நிலை என்ன? நம் நாட்டுக்கு வேண்டிய சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் இறக்குமதியாகிறது. ஆதலால் உலகச் சந்தையின் ஏற்றம் நம் சமையலறையையும் எட்டுகிறது. சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று 2020 நவம்பரில் 610 ரூபாய்க்கு விற்றது. 2023 மார்ச்சில் 1,118 ரூபாய் 50 காசாக உயர்ந்தது. பின்னர் 2023 ஆகஸ்டு இறுதியில் 200 ரூபாயும், 2024 மார்ச்சில் 100 ரூபாயும் குறைக்கப்பட்டன என்பது உண்மையே. ஆனால் வேலை மிகக் குறைவாக இருந்த மாதங்களில்தான் சிலிண்டர் விலை உச்சத்தில் நின்றது என்பதை அங்கத்தினர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வீட்டு எரிபொருளுக்குச் செலவிட நேரும் குடும்பத்தை எரிபொருள் வறுமையில் உள்ள குடும்பம் என்று பிரிட்டனில் நெடுநாள் கணக்கிட்டு வந்தனர். அந்த அளவுகோலை நம் வீட்டில் வைத்துப் பார்ப்போம். மாதம் 12,000 ரூபாய் வரும் ஒரு வீட்டில், மாதத்திற்கு ஒரு சிலிண்டர் 1,118 ரூபாய்க்கு வாங்கினால், அதுவே நூற்றுக்கு ஒன்பதுக்கு மேலாகிறது. மின் கட்டணத்தையும் சேர்த்தால் பத்தைத் தொட அதிக தூரமில்லை. வேலை பாதியாகி வருமானம் 6,000 ஆகிவிட்டால் சிலிண்டர் மட்டுமே நூற்றுக்குப் பதினெட்டுக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. விலை ஒரு காசும் ஏறாமலேயே சுமை இருமடங்காகிவிடுகிறது! எனவே எரிபொருள் கஷ்டம் என்பது விலையை மட்டும் பொறுத்ததன்று. கூலியின் நிலையாமையையும் பொறுத்தது.

ஏழைக்கு எரிபொருள் விலை கூடுதலாகவே விழுகிறது என்பதும் கவனிக்கத்தக்கது. முன்பணம் போட்டால் மட்டுமே ஓடும் மீட்டர் வைத்துள்ள பிரிட்டிஷ் ஏழைகள், 2023 நடுப்பகுதி வரை மற்றவர்களைவிட அதிகக் கட்டணம் செலுத்தி வந்தனர். இங்கே ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து ஒற்றை அறையில் தங்கியுள்ள தொழிலாளர்களுக்கு, முகவரிச் சான்று இல்லாமல் கிடைக்கும் 5 கிலோ சிலிண்டரே கதி. அது மானியமற்ற விலையில் விற்கப்படுவதால் கிலோவுக்குக் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். அதுவும் இயலாதபோது விறகுக்குத் திரும்புகின்றனர். காற்றோட்டமற்ற அறையில் அந்தப் புகையைப் பெண்களும் குழந்தைகளும் சுவாசிக்கின்றனர்.

நூலும் கூலியும் பார்க்கவேண்டிய சங்கம் அடுப்பைப் பற்றி ஏன் கவலைப்பட வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். கூட்டுறவின் வரலாறே அவர்களுக்கு விடையளிக்கும். இங்கிலாந்தில் ராச்டேல் நகரில் 28 பேர் சேர்ந்து, 1844 டிசம்பர் 21-ம் நாள், கடுங்குளிர் காலத்தில் தங்கள் கடையைத் திறந்தார்கள். அவர்களில் பலர் கம்பளித் துணி நெய்தவர்கள். அவர்கள் முதன்முதலில் விற்ற சில பண்டங்களில் மாவு, சர்க்கரை, வெண்ணெய் ஆகியவற்றோடு மெழுகுவத்தியும் ஒன்று. டென்மார்க்கில் மூன்றில் இரு பங்கு வீடுகளுக்கு ஊர்ப் பொதுக் குழாய் வழியே வெப்பம் வழங்கப்படுகிறது. அதை நடத்தும் நிறுவனங்களில் மிகப் பல, உபயோகிப்போரே உரிமையாளர்களாக உள்ள கூட்டுறவுகள். வெப்பம் விற்று லாபம் ஈட்டலாகாது என்பது அந்நாட்டு விதி. வைக்கோலையும் மரக்கழிவையும்கூட அங்கே எரிபொருளாக்குகிறார்கள். தொலைவில் உள்ள உதாரணம் வேண்டாமெனில், 1904-ல் தோன்றிய நம் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கத்தைப் பார்க்கலாம். 2022 அக்டோபரில் அதன் கடைகளில் 2 கிலோ, 5 கிலோ சிலிண்டர்களின் விற்பனை தொடங்கப்பட்டது.

ஆகவே நம் சங்கம் மூன்று காரியங்களை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது நம் யோசனை.

முதலாவது, எரிபொருள் முன்பணம். சிலிண்டர் தீர்ந்த வாரத்தில் கையில் பணமில்லாத அங்கத்தினர் கந்துவட்டிக்காரரை நாடாதபடி, சிலிண்டர் விலையளவுக்கு வட்டியில்லாத முன்பணம் கொடுத்து, நான்கு வாரத் தவணைகளில் திரும்பப் பெறலாம். தொகை சிறிது; மாதந்தோறும் சுழன்று வருவதால் பெரிய மூலதனமும் தேவையில்லை.

இரண்டாவது, மந்தகால நிதி. வேலை நிறைந்த காலத்தில் அங்கத்தினர் ஒவ்வொருவரும் வாரம் பத்து ரூபாய் ஒதுக்கினால் ஆண்டுக்கு 520 ரூபாய் சேரும். ஐந்நூறு பேர் உள்ள சங்கத்தில் அது 2,60,000 ரூபாயாகும். 2022 போன்ற ஓராண்டு மறுபடி வந்தால், வேலை குறைந்த வீடுகளின் அடுப்பு எரிய இது உதவும்.

மூன்றாவது, விவசாய அங்கத்தினருக்கான சாண எரிவாயுக் கலன். நான்கைந்து மாடுகள் வைத்திருப்பவருக்கு நாளொன்றுக்கு ஐம்பது கிலோ சாணம் கிடைக்கும். இரண்டு கன மீட்டர் கலனுக்கு அது போதுமானது. சிறு குடும்பத்தின் சமையல் அதில் முடிந்துவிடும். வெளிவரும் கழிவு வயலுக்கு நல்ல எருவுமாகும். இதற்குக் கடன் கொடுப்பதோடு கலனைப் பழுது பார்க்க ஓர் ஆளையும் சங்கம் ஏற்பாடு செய்ய வேண்டும். பராமரிப்பில்லாமல் கைவிடப்பட்ட கலன்களை எத்தனையோ கிராமங்களில் பார்த்திருக்கிறோம்.

இவற்றால் உலகச் சந்தையின் விலையை நாம் மாற்றிவிட முடியாது. எங்கோ நடக்கும் யுத்தத்தையும், எங்கோ அடிக்கும் குளிரையும் தடுக்கவும் முடியாது. அவற்றின் முழு அடியும் தனித்தனி வீட்டின் மீது விழாதபடி பகிர்ந்துகொள்ள முடியும். சங்கம் என்று ஒன்றை நாம் வைத்திருப்பது அதற்காகவே. அடுத்த மகாசபைக் கூட்டத்தில் இம்மூன்று யோசனைகளையும் விவாதத்துக்கு எடுத்துக்கொண்டு, தேவையான துணைவிதித் திருத்தங்களைச் செய்யுமாறு நிர்வாக சபையினரைக் கேட்டுக்கொள்கிறோம். அதற்கு முன்பாக, அங்கத்தினர் ஒவ்வொருவரும் தம் வீட்டில் மாதந்தோறும் சிலிண்டர், விறகு, மின்சாரம் ஆகியவற்றுக்கு ஆகும் செலவைக் குறித்து சங்க அலுவலகத்தில் கொடுத்தால், மகாசபையில் கணக்கோடு பேசுவதற்கு அது பேருதவியாக இருக்கும்.