டாங்கிப் பைத்தியம் யாருக்கு?

இங்கிலாந்தில் சிலர் சொந்தமாக டாங்கி வைத்திருக்கிறார்கள். பொம்மை இல்லை, சாட்சாத் ராணுவ டாங்கி. ராணுவம் வேண்டாமென்று கழித்துப் போட்டதை ஏலத்திலோ வியாபாரியிடமோ வாங்கி, வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு நிறுத்தி, சனி ஞாயிறு முழுக்க அதற்கு அடியில் படுத்துக் கிடக்கிறார்கள். இந்த மாதிரி செய்திகளை நம் பத்திரிகைகள் 'உலக விநோதங்கள்' பகுதியில்தான் போடும். நாமும் 'பணம் இருந்தா பைத்தியமும் கூடவே வரும்போல' என்று சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவோம்.

இந்தச் சிரிப்பு தவறான ஆளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு என்பது என் கட்சி. உண்மையான டாங்கிப் பைத்தியங்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து நாம் சிரிப்பதில்லை. சல்யூட் அடிக்கிறோம்.

முதலில் இந்த ஹாபி என்னவென்று பார்த்துவிடுவோம். புதிதாக இதில் இறங்குகிறவர்கள் பலரும் வாங்குவது எஃப்.வி.432 என்கிற கவச வண்டி. 1960-களில் பிரிட்டிஷ் ராணுவம் சிப்பாய்களை ஏற்றிப் போகச் செய்தது. சுமார் 15 டன். எஞ்சின் ரோல்ஸ் ராய்ஸ்! உடனே மகாராஜாக்களின் காரை நினைத்துக்கொள்ளாதீர்கள். ஆறு சிலிண்டர், ஆனால் பன்னிரண்டு பிஸ்டன். ஒரு சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன்கள் எதிரெதிராக முட்டிக்கொள்கிற மாதிரி வேலை செய்யும். ராணுவத்தில் இதைக் கவனிக்க ஒரு ஒர்க்‌ஷாப்பே உண்டு. ஹாபிக்காரருக்கு இருப்பது ஒரு ஜாக்கியும் பொறுமைசாலிகளான இரண்டு நண்பர்களும்தான்.

இன்னும் கொஞ்சம் துணிச்சல் இருந்தால் இரண்டாம் உலகப் போர் ஷெர்மன் டாங்கி. இதில் ஒரு ரகத்துக்கு, டாங்கி எஞ்சின்கள் போதவில்லை என்று கிரைஸ்லர் கம்பெனி ஐந்து கார் எஞ்சின்களை ஒன்றாகச் சேர்த்து ஒரே எஞ்சினாகக் கட்டிக் கொடுத்தது. மொத்தம் முப்பது சிலிண்டர். ஒரு ஸ்கூட்டருக்கு ஒரு ஸ்பார்க் பிளக் மாற்றுவதற்கே நாம் மெக்கானிக்கைத் தேடுகிறோம். இங்கே முப்பது!

நம்ம ஊர்க்காரர் முதலில் கேட்கும் கேள்வி எனக்குத் தெரியும். 'மைலேஜ் எவ்வளவு தரும் சார்?' லிட்டருக்கு அரை கிலோமீட்டர் தந்தாலே அதிகம். ஓட்டாமல் நிறுத்தி வைத்து மிச்சம் பிடிக்கலாமா என்றால், நிற்கிற டாங்கி ஓடுகிற டாங்கியைவிடச் சீக்கிரம் கெட்டுப்போகும். ரப்பர் சீல் காய்ந்து எண்ணெய் ஒழுகும், பேட்டரி செத்துப்போகும், சங்கிலிப் பட்டை துருவேறி இறுகிக்கொள்ளும். ஒரு பட்டையைக் கழற்றி மாட்டுவதற்குள் சம்மட்டி பிடித்த கை மரத்துவிடும்.

இதெல்லாம் எதற்காகச் சொல்கிறேன்? இந்த மனிதருக்கு டாங்கியின் விலை தெரியும். வாங்கிய விலை மட்டுமல்ல, அதை ஒருநாள் உயிரோடு வைத்திருப்பதற்கு ஆகும் விலை. தன் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார். அந்த டாங்கியை வாங்கிய அரசாங்கம் எடுத்தது அடுத்தவர் பையிலிருந்து.

'அதெல்லாம் சரி, ஆபத்தில்லையா?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பிரிட்டனில் பீரங்கியைச் சுடமுடியாதபடி செயலிழக்கச் செய்த பிறகே தனியாரிடம் வண்டி போகும். சாலையில் ஓட்டத் தனி லைசென்ஸ் வேண்டும். தார் ரோட்டைப் பாழாக்காமலிருக்கப் பட்டைகளில் ரப்பர் மாட்ட வேண்டும். துப்பாக்கிக்குப் பேர்போன அமெரிக்காவிலேயே, டாங்கியின் பீரங்கி சுடும் நிலையில் இருந்தால் அதை 'அழிவுச் சாதனம்' என்று அரசிடம் பதிவு செய்து 200 டாலர் வரி கட்ட வேண்டும். வெடிக்கும் குண்டுக்கு, ஒவ்வொரு குண்டுக்கும், தனிப் பதிவு, தனி வரி.

1995 மே மாதம் கலிஃபோர்னியாவின் சான் டியாகோ நகரில் ஒருவர் டாங்கியில் கிளம்பி, தெருவில் நின்ற கார்களை அப்பளமாக நொறுக்கினார். கடைசியில் போலீஸ் சுட்டு இறந்தார். அந்த டாங்கி எந்த ஹாபிக்காரர் கொட்டகையிலிருந்து வந்தது? எதிலிருந்தும் இல்லை. அரசாங்கத்தின் நேஷனல் கார்ட் ஆயுதக் கிடங்கிலிருந்து திருடியது.

இதே அமெரிக்காவில் உபரி ராணுவச் சாமான்களுக்கு இன்னொரு வழி உண்டு. '1033 திட்டம்' என்று பெயர். 1990-களிலிருந்து நடக்கிறது. ராணுவத்துக்கு வேண்டாத சாமான்களை உள்ளூர் போலீஸுக்குக் கொடுத்துவிடுவார்கள். போர்வை, கம்ப்யூட்டர் என்றால் சரி. கூடவே துப்பாக்கிகளும், இராக்கில் கண்ணிவெடிக்குத் தாக்குப்பிடிக்கச் செய்த 'எம்ராப்' கவச வண்டிகளும் போயின. 2014-ல் ஃபெர்குசன் நகரில் கறுப்பின இளைஞர் ஒருவரைப் போலீஸ் சுட்டுக் கொன்றதை எதிர்த்து மக்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர்களுக்கு எதிரே கவச வண்டிகள் நின்ற படங்களைப் பார்த்த பிறகுதான் பலருக்கு இந்தத் திட்டத்தின் பெயரே தெரிந்தது.

அதே வருடம் இன்னொரு கூத்தும் வெளிவந்தது. லாஸ் ஏஞ்சலஸ் பள்ளிக்கூடங்களுக்கான போலீஸிடம் ஓர் எம்ராப் வண்டியும் மூன்று கிரனேடு லாஞ்சர்களும் இருந்தன. ஆமாம், பள்ளிக்கூடத்துக்கு! ஹோம்வொர்க் செய்யாத பையன்மீது வீசுவதற்கா? ஜனங்கள் கூச்சல் போட்ட பிறகு திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். 2015-ல் ஒபாமா இந்தத் திட்டத்துக்குக் கடிவாளம் போட்டார். 2017-ல் ட்ரம்ப் அதைக் கழற்றிவிட்டார்.

கவனியுங்கள். கொட்டகை மனிதர் ஒரு குண்டு வைத்துக்கொள்ள ஃபாரம் பூர்த்தி செய்து வரி கட்ட வேண்டும். அதிகாரம் உள்ளவர்களுக்கு அதே சாமான் அநேகமாக இலவசம். ஆனால் விநோதச் செய்தியில் இடம்பெறுகிறவர் முதல் ஆள்.

'உபரி' என்கிற வார்த்தையே ஒரு பொய். ஆயுதம் ரிட்டயராவதில்லை. பிரிட்டிஷ் ராணுவம் கழித்துக்கட்டிய 'ஸ்பார்ட்டன்' என்ற சின்னக் கவச வண்டியும் இந்த ஹாபிக்காரர்களுக்குப் பிடித்த வண்டிதான். 2022 நவம்பரில் உக்ரைனில் டி.வி. நட்சத்திரம் செர்ஹி பிரிட்டுலாவின் அறக்கட்டளை மக்களிடம் நிதி கேட்டது. பணம் கொட்டியது. ஐம்பது வண்டிகள் என்று ஆரம்பித்து, அந்த வகையில் நூறுக்கு மேல் வாங்கிப் போர்முனைக்கு அனுப்பினார்கள். தனியார் சந்தைக்கு வந்துவிட்ட பழைய வண்டிகள் மறுபடி நிஜக் குண்டுகளுக்கு நடுவே ஓடின. படையெடுத்து வந்தவனைத் தடுக்க அவர்களுக்கு வேறு வழியில்லை, குறை சொல்லமாட்டேன். ஆனால் 'காயலான் கடைச் சரக்கு' என்று கையெழுத்துப் போட்டு விற்ற அரசாங்கங்களுக்கு, அது என்றைக்கும் வெறும் காயலான் கடைச் சரக்காக இருந்ததில்லை என்பது தெரியும்.

ஹாபிக்காரர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று சர்ட்டிஃபிகேட் தரவில்லை. 2015-ல் ஜெர்மனியின் ஹைக்கெண்டார்ஃப் ஊரில் ஒரு முதியவரின் வீட்டு நிலவறையிலிருந்து ஹிட்லர் காலத்து 'பாந்தர்' டாங்கியை வெளியே இழுக்க ராணுவத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்பது மணி நேரம் ஆனது. கூடவே ஒரு விமான எதிர்ப்பு பீரங்கி, ஒரு டார்பிடோ. 2021-ல் கோர்ட் இரண்டரை லட்சம் யூரோ அபராதமும், நிறுத்திவைக்கப்பட்ட சிறைத் தண்டனையும் விதித்தது. சரியான தீர்ப்பு. எஞ்சின்மீது காதல் இருக்கலாம். பீரங்கிமீது காதல் வந்தால் சட்டம் குறுக்கே வரத்தான் வேண்டும். நாஜி யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு போஸ் கொடுக்கிற கும்பலும் இந்த உலகத்தில் உண்டு. அவர்களுக்காக நான் வாதாடவில்லை.

நான் வாதாடுவது கையில் கிரீஸ் படிந்தவருக்காக. கலிஃபோர்னியாவில் ஜாக் லிட்டில்ஃபீல்டு என்ற எஞ்சினீயர் இருந்தார். 200-க்கும் மேற்பட்ட ராணுவ வண்டிகளைச் சேர்த்தவர். போலந்தில் ஓர் ஆற்றிலிருந்து எடுத்த பாந்தரைப் பல வருடம் செப்பனிட வைத்து, அது ஓடுகிற நிலைக்கு வந்த கொஞ்ச காலத்தில், 2009-ல் இறந்துபோனார். அவர் சேர்த்ததில் பெரும்பகுதி ஏலத்தில் போனது. மீதி மாசாசூசெட்ஸில் 2019-ல் திறந்த மியூசியத்துக்குப் போனது. இப்படிப்பட்டவர்கள் இல்லையென்றால் அந்த இரும்பெல்லாம் உருகி, கம்பியாகிப் போயிருக்கும். உள்ளே உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்பதும் கூடவே உருகியிருக்கும்.

எப்படி இருக்கும்? ஐந்து பேர், குனிந்த தலை, காது கிழியும் சத்தம். கைக்கெட்டும் தூரத்தில் குண்டுகள். ஷெர்மன்கள் அடிபட்டதும் பற்றி எரிந்ததற்கு முக்கியக் காரணம் உள்ளே அடுக்கியிருந்த அந்தக் குண்டுகள்தான். அவற்றைச் சுற்றித் திரவம் நிரப்பிய பெட்டிகள் 1944-ல்தான் வந்தன. டிரைவர் வெளியேறும் மூடி ஒரு ஆள் நுழையும் அளவுதான். அதைத் திறந்து மூடி எண்ணெய் போடுகிறவருக்கு, எரிகிற வண்டியில் அந்தச் சில நொடிகள் என்னவாக இருந்திருக்கும் என்று யாரும் லெக்சர் அடிக்க வேண்டியதில்லை.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். இங்கே தனியார் டாங்கி ஹாபியெல்லாம் கிடையாது. ஓய்வு பெற்ற டாங்கிக்கு நாம் தரும் மரியாதை, பீடத்தில் ஏற்றிப் பெயின்ட் அடிப்பது. அப்படி நிற்பவற்றில் பல, நம்ம ஆவடியில் செய்த விஜயந்தா. அதற்குள் இருந்தது லேலண்ட் எல்60 எஞ்சின். பிரிட்டனின் சீஃப்டன் டாங்கியிலும் அதே எஞ்சின்தான். ஓயாமல் தகராறு செய்ததற்குப் பேர்போனது. அங்கே கொட்டகைகளில் இன்றைக்கும் அதோடு மல்லுக்கட்டுகிறார்கள். இங்கே அதற்கு மாலை போடுகிறோம்.

2017 ஜூலையில் டெல்லி ஜே.என்.யூ.வின் துணைவேந்தர், கார்கில் வெற்றி தின விழாவில், வளாகத்தில் நிறுத்த ஒரு டாங்கி வாங்கித் தாருங்கள் என்று மத்திய அமைச்சர்களிடம் கேட்டார். தினமும் பார்த்தால் மாணவர்களுக்குத் தேசபக்தி வருமாம். லைப்ரரிக்குப் புத்தகம் கேட்டிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! டாங்கியைத் தூரத்திலிருந்து பார்த்தால் மட்டுமே இந்த மாதிரி ஐடியா வரும்.

எனக்கு ஒரு யோசனை. பீடத்தில் நிற்கிற ஒவ்வொரு டாங்கியின் மூடியையும் திறந்து வையுங்கள். பக்கத்தில் ஒரு போர்டு: வாங்கிய விலை எவ்வளவு, லிட்டருக்கு எத்தனை தூரம் ஓடும், உள்ளே எத்தனை பேர், அடிபட்டால் வெளியே வர எத்தனை வழி. ஏப்ரல் வெயிலில் குழந்தைகளை உள்ளே இறக்கி ஐந்து நிமிஷம் உட்காரச் சொல்லுங்கள். தேசபக்தியை ஊட்டவேண்டும் என்று துடிக்கிற பெரியவர்களுக்குப் பத்து நிமிஷம்.

வெளியே வந்த பிறகும் யாராவது 'சண்டை போட்டே ஆகணும்' என்று சொன்னால், கையில் ஒரு சம்மட்டியைக் கொடுத்துச் சங்கிலிப் பட்டையைக் கழற்றி மாட்டச் சொல்லலாம். சொந்தச் செலவில்.