வாத்தியாருக்கு அரசியல் வேண்டும்

"சேர், உங்களுக்கு எதுக்கு இந்த அரசியல்?" ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தேர்தலில் நிற்கப்போகிறார் என்றால் அலவத்துகொடயில் முதலில் எழும் கேள்வி இதுதான். படித்த மனுசன் சாக்கடையில் இறங்கலாமா என்று அக்கறையோடுதான் கேட்கிறார்கள். இந்த அக்கறைதான் நம் பிள்ளைகளைக் கெடுக்கிறது.

பள்ளிக்கூடத்துக்குள் அரசியல் எப்போதோ நுழைந்துவிட்டது. இடமாற்றத்துக்கு யாருடைய கடிதம் தேடி அலைகிறோம்? முதலாம் ஆண்டில் பிள்ளையைச் சேர்க்க யார் வீட்டு வாசலில் நிற்கிறோம்? கணித ஆசிரியர் மாற்றலாகிப் போன வகுப்பில் பிள்ளைகள் பாடவேளை முழுக்கக் கொப்பியில் கோடு கிறுக்குகிறார்கள். சாதாரண தரம் முடிந்ததும் அவர்களில் பலரை அக்குறணைக் கடைகளில் துணி மடிக்கக் காண்கிறோம். ஆனால் வகுப்பறையை அறிந்தவரை மட்டும் ஒதுங்கி நிற்கச் சொல்கிறோம்.

வகுப்பறையிலிருந்து அரசியலுக்குப் போனவரைத் தேடித் தூரம் போக வேண்டாம்; கலகெதர நமக்கு எட்டாத ஊரல்ல. 1890இல் அங்கே ஒரு மலாய்க் குடும்பத்தில் பிறந்தவர் ரி. பி. ஜாயா. கண்டி தர்மராஜாவிலும் கொழும்பு ஆனந்தாவிலும் பௌத்தப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னவர். 1921இல் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். 1924இல் சட்டநிரூபண சபைக்குத் தெரிவானார். பள்ளிக்கூடம் பாழாய்ப் போனதா? கால் நூற்றாண்டுக்கு மேல் அவர் அதிபராக இருந்தார். சின்னப் பள்ளி, நாடறிந்த கல்லூரியானது. கம்பளையிலும் மாத்தளையிலும் ஸாஹிரா முளைத்தது அவர் காலத்தில்தான். 1947இல் கொழும்பு மத்தியில் வென்று, சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் தொழில், சமூகசேவை அமைச்சரானார். இலவசக் கல்விக்காக அரசாங்க சபையில் மல்லுக்கு நின்ற கன்னங்கராவும் வகுப்பறையில் நின்று கற்பித்தவர்தான்.

ஜாயாவைப் புனிதராக்க நான் வரவில்லை. மலையகத் தமிழரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டுச் சட்டம் அவர் இருந்த அமைச்சரவை கொண்டுவந்தது. அந்தப் பழியில் அவருக்கும் பங்குண்டு. கம்பளை ஸாஹிராவின் அதிபராக இருந்த பதியுத்தீன் மஹ்மூத் 1970களில் கல்வி அமைச்சராக இருந்தபோது பல்கலைக்கழக அனுமதியில் வந்த தரப்படுத்தல், தமிழ் மாணவர்களை எவ்வளவு காயப்படுத்தியது என்பதும் தெரியும். ஆனால் அவை அரசாங்கம் எடுத்த தவறான முடிவுகள். ஆசிரியர்கள் எல்லோரும் வீட்டில் இருந்திருந்தால் அவை நின்றிருக்குமா? எதிர்த்துப் பேச இன்னும் நாலு ஆசிரியர்கள் நாடாளுமன்றத்தில் இருந்திருக்க வேண்டும் என்பேன்.

அடுத்த முறை கட்சிக்காரர்கள் வேட்பாளர் பட்டியலோடு பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் வரும்போது, எத்தனை ஆசிரியர்களின் பெயர் அதில் இருக்கிறது என்று கேளுங்கள். ஒன்றும் இல்லையென்றால் பட்டியலைத் திருப்பிக் கொடுங்கள்.