எந்த மாதத்து ஏரி?

அச்சில் ஏறியதெல்லாம் உண்மை என்று நம்பி வளர்ந்தவர்கள் நாங்கள். "புத்தகத்திலேயே போட்டிருக்கிறது" என்று ஒருத்தி சொல்லிவிட்டால், எங்கள் வகுப்பில் எந்தச் சண்டையும் அத்துடன் அடங்கிவிடும். இவ்வாண்டு அப்படி அடங்காமல் போன ஒரு சண்டையே எங்களை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

வினாடி வினா இறுதிப் போட்டி. எதிரே ஒன்பதாம் வகுப்பு. இரு அணிகளும் சமமாக நின்றபோது கடைசிக் கேள்வி வந்தது: "ஆப்பிரிக்காவின் சாட் ஏரியின் பரப்பு எவ்வளவு?" நாங்கள் 25,000 சதுர கிலோமீட்டர் என்றோம். அவர்கள் 2,500 என்றார்கள். நடுவர் நூலகத்திலிருந்து கலைக்களஞ்சியத்தை வரவழைத்துப் பார்த்தார். 25,000 என்றே இருந்தது. சுழற்கேடயம் எங்களுக்கு வந்தது. "ஒரு பூஜ்யத்தை விழுங்கிவிட்டீர்களே!" என்று அவர்களைக் கேலியும் செய்தோம். அந்த அணியில் இருந்த சிறுமி அழுதேவிட்டாள்.

மறுநாள் அவள் ஒரு செய்தித்தாள் துண்டுடன் வந்தாள். அதில் 2,500 என்றிருந்தது. நூலகப் பொறுப்பில் உள்ள அருட்சகோதரி இரண்டையும் மேசைமேல் வைத்து, "சண்டை வேண்டாம், சரிபாருங்கள்" என்றார். இரு வகுப்பினரும் சேர்ந்து இரண்டு வாரம் நூலக வேளையில் அதே வேலையாக இருந்தோம்.

முதலில் கலைக்களஞ்சியத்தின் முன்பக்கத்தைப் புரட்டினோம். அச்சிட்ட ஆண்டு 1966. சாட் ஏரி 1960களின் தொடக்கத்தில் உண்மையிலேயே ஏறத்தாழ 25,000 சதுர கிலோமீட்டர் பரந்திருந்தது. புதுச்சேரி, காரைக்கால், மாகே, ஏனாம் நான்கையும் சேர்த்தால் வரும் பரப்பைப்போல ஏறத்தாழ ஐம்பது மடங்கு! ஆனால் அது தட்டில் ஊற்றிய ரசம்போல ஆழமற்ற ஏரி. நீர்மட்டம் சிறிது இறங்கினாலும் கரை நெடுந்தூரம் பின்வாங்கிவிடும். அதற்கு வரும் நீரில் பெரும்பகுதியைச் சாரி என்னும் ஆறே கொண்டுவருகிறது. 1970களிலும் 1980களிலும் பெரும் வறட்சி வந்து ஆறு மெலிந்தபோது ஏரி வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிரிந்தது. 1980களின் நடுவில் முன்னிருந்ததில் பத்தில் ஒரு பங்கே எஞ்சியது. ஆக, புத்தகம் பொய் சொல்லவில்லை. தன் காலத்து உண்மையைச் சொன்னது. அந்தக் காலத்தைக் கேட்காமல் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்தவர்கள் நாங்கள்தாம்.

ஒன்பதாம் வகுப்பாரின் செய்தித்தாளும் முழுதும் தப்பவில்லை. ஏரி இன்னும் வற்றிக்கொண்டே வருவதாக அதில் இருந்தது. ஆனால் 1990களுக்குப் பிறகு ஏரி ஓரளவு மீண்டிருக்கிறது. மேலும், திறந்த நீர்ப்பரப்பை மட்டும் அளந்தால் ஓர் எண் வருகிறது; செடிகொடிகள் மூடிய சதுப்பையும் சேர்த்தால் அதைவிடப் பன்மடங்கு பெரிய எண் வருகிறது.

கட்டுரையில் இன்னோர் இடத்திலும் பென்சிலால் கோடிட்டோம். 1823ஆம் ஆண்டு பிரிட்டிஷ் பயணிகள் இந்த ஏரியைக் "கண்டுபிடித்தனர்" என்று எழுதியிருந்தது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே அதன் கரையில் மக்கள் மீன் பிடித்தார்கள், பயிர் செய்தார்கள், அரசாண்டார்கள். அவர்கள் மொழியில் "பெருநீர்" என்ற பொருளுள்ள சொல்லே சாட் என்றாயிற்று. பெயர் வைத்து வாழ்ந்தவர்கள் இருக்க, வந்து பார்த்தவர்களைக் கண்டுபிடித்தவர்கள் என்பது முறையா? "வந்து பார்த்தனர்" என்று திருத்தினால் போதும்.

இதையெல்லாம் பெருமையாகச் சொன்னபோது அருட்சகோதரி, "சரி, நம் ஊசுட்டேரியின் பரப்பு எவ்வளவு?" என்று கேட்டார். ஒருத்திக்கும் தெரியவில்லை. பத்துக் கிலோமீட்டர் தொலைவில் உள்ள ஏரி! அதையும் தேடினோம். ஓரிடத்தில் 800 ஹெக்டேர் என்றும், ஓரிடத்தில் 390 ஹெக்டேர் என்றும் இருந்தது. மறுபடியும் சண்டை தொடங்க இருந்தது. நல்ல வேளையாகக் காரணம் புரிந்தது. ஏரியின் ஒரு பகுதி புதுச்சேரியிலும், மறு பகுதி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்திலும் இருக்கிறது. பெரிய எண் முழு ஏரிக்கு, சிறிய எண் புதுச்சேரிப் பகுதிக்கு. சாட் ஏரி நான்கு நாடுகளுக்குப் பொது. நம் ஏரி இரண்டு அரசுகளுக்குப் பொது. 2008இல் புதுச்சேரி அரசு தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது என்பதையும் அப்போதுதான் அறிந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்களில் ஐவர் பெற்றோருடன் நேரிலேயே போனோம். கரையில் மாடு மேய்த்துக்கொண்டிருந்த தாத்தா ஒருவரிடம், "ஏரி எவ்வளவு பெரிசு தாத்தா?" என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டு, "எந்த மாசத்து ஏரியைக் கேக்குற பாப்பா? ஐப்பசி அடைமழையில ஒரு கணக்கு, சித்திரையில ஒரு கணக்கு" என்றார். இரண்டு வாரம் தேடி நாங்கள் கண்டதை அவர் ஒரே பேச்சில் சொல்லிவிட்டார்.

எங்கள் கருத்து இதுதான். ஓர் எண்ணைப் படித்தால் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். இது எந்த ஆண்டுக் கணக்கு? எதை அளந்த கணக்கு? புதுச்சேரி மக்களுக்கு இது புதிதன்று. நம் ஊர் இந்தியாவுடன் இணைந்தது எப்போது என்றால் 1954 நவம்பர் 1 என்பாரும் உண்டு, 1962 ஆகஸ்டு 16 என்பாரும் உண்டு. ஆட்சி கைமாறியது முதல் நாள், சட்டப்படி முழுமையானது இரண்டாம் நாள். இரண்டும் மெய்யே.

"மாணவிகள் புத்தகத்தையே சந்தேகித்தால் பெரியோர் சொல்லுக்கு மதிப்பிருக்குமா?" என்று எங்களில் ஒருத்தியின் தந்தை கேட்டார். நியாயமான கேள்விதான். பெரியசாமித் தூரன் முதன்மை ஆசிரியராக இருந்து உருவாக்கிய தமிழ்க் கலைக்களஞ்சியம், 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. அத்தனை ஆண்டு உழைத்தவர்களை, சரிபார்ப்பதால் நாம் அவமதிக்கவில்லை. அவர்கள் விட்ட இடத்திலிருந்து வேலையைத் தொடர்கிறோம். பொதுத்தேர்வில் பாடநூல் சொல்வதையே எழுதுவோம், மதிப்பெண் வேண்டுமே! ஆனால் பக்கத்தில் ஆண்டையும் எழுதப் பழகுவோம்.

இப்போது அந்தக் கலைக்களஞ்சியத்தில் ஒரு சிறு தாள் ஒட்டியிருக்கிறது: "இது 1966 வரையிலான செய்தி. இன்றைய நிலைக்கு வேறு நூலும் காண்க." கேடயத்தை நாங்களே கொண்டுபோய் நடுவரிடம் கொடுத்தோம். ஆறு மாதம் அவர்கள் வகுப்பில், ஆறு மாதம் எங்கள் வகுப்பில் என்று முடிவாயிற்று.

ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது. நாங்கள் கேலி செய்த அந்த ஒரு பூஜ்யம், கரையில் இருந்த எத்தனையோ மீனவர்களுக்கு வலை வீச இடமில்லாமற் போனதன் கணக்கு. அதைத்தான் அந்தச் சிறுமி சொல்ல வந்தாள். எங்களுக்குக் கேடயம் மட்டுமே கண்ணில் பட்டது. தங்கையே, எங்களை மன்னித்துவிடு.

— பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி