சரவாங்கியும் கண்ணும்

சரவாங்கி என்றும் முடக்குவாதம் என்றும் நம்மவர்கள் சொல்லுகின்ற வியாதி விரல், மணிக்கட்டு, முழங்கால் ஆகியவைகளோடு நின்றுவிடும் என்றே அநேகர் எண்ணிக்கொண்டிருக்கின்றார்கள். அப்படியல்ல. நோய்க்கிருமிகளை எதிர்க்கவேண்டிய சரீரத்தின் காவற்சக்தி சொந்த சரீரத்தையே தாக்குவதுதான் இவ்வியாதி. காவல்காரனே வீட்டுக்காரனை அடிக்க ஆரம்பித்தால் திண்ணையோடு நிற்பானா? கண்ணுக்கும் வருவான்.

1933-ல் சுவீடன் தேசத்துக் கண் வைத்தியர் ஹென்ரிக் ஷோக்ரென் என்பவர், கண்ணீர் வற்றிக் கண் உலர்ந்துபோன 19 பெண்களைப்பற்றி எழுதினார். அவர்களில் 13 பேருக்கு மூட்டுவாதமும் இருந்தது. மணல் விழுந்தாற்போல் உறுத்தும் இவ்வுலர்ச்சிதான் அதிகம் பேருக்கு வருவது. நம்மவர்கள் இதை உடல் சூடு என்று சொல்லிவிட்டு எண்ணெய் தேய்த்து முழுகுகின்றார்கள்.

இதைவிடக் கொடியது வெள்ளைவிழியே அழன்று வீங்குவது. கண் கருஞ்சிவப்பாகும், வலி நெற்றிக்கும் தாடைக்கும் பாய்ந்து நடுச்சாமத்தில் ஆளை எழுப்பும். சிலருக்கோ வலியே இல்லாமல் வெள்ளைவிழி மெலிந்து உள்ளேயுள்ள நீலம் தெரியும். கருவிழியின் ஓரம் புண்ணாகி ஓட்டை விழுவதும் உண்டு. இவைகளை மெட்ராஸ் ஐ என்று எண்ணித் தாய்ப்பால் விடுவதும், மருந்துக் கடைக்காரர் கொடுத்த சொட்டை விடுவதும், அம்மனுக்கு வெள்ளிக் கண்மலர் நேர்ந்துகொண்டு காத்திருப்பதும் எதற்கு என்று கேட்கின்றோம். வெள்ளிக் கண் உண்டியலுக்குப் போய்ச்சேருகின்றது. சொந்தக் கண் எங்கே போகின்றது? வியாதி சரீரம் முழுவதிலும் இருக்கும்போது சொட்டு மருந்து மாத்திரம் என்ன செய்யும்? அதை அடக்கும் மருந்து உள்ளுக்கும் போகவேண்டும்.

இவ்வியாதி ஆண்களைவிடப் பெண்களுக்கே இரண்டு மூன்று மடங்கு அதிகம் வருகின்றது. வீட்டில் ஆண்பிள்ளைக்குக் கண் சிவந்தால் அன்றே பஸ் ஏறுகின்றார்கள். முடங்கிய விரலோடு பாத்திரம் துலக்குகின்றவளின் கண் சிவந்தால் அடுப்புப் புகை என்கின்றார்கள். அவளும் அப்படியே சொல்லப் பழகிவிட்டாள்!

நிற்க, மருந்தினாலும் கண்ணுக்குக் கெடுதி வரலாம். ஸ்டீராய்டு நெடுநாள் சாப்பிட்டால் கண்புரையும் கண் அழுத்தமும் வரக்கூடும். ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை வருஷக்கணக்கில் சாப்பிட்டால் சிலருக்கு விழித்திரை கெடும், கெட்டது திரும்பாது. இதைக் கேட்டுவிட்டு மாத்திரையைத் தூக்கியெறிவது புத்திசாலித்தனமாகாது. ஆரம்பித்த ஒரு வருஷத்துக்குள் ஒருதரமும், 5 வருஷத்துக்குப் பிறகு வருஷந்தோறும் விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ளவேண்டும். கண் வைத்தியரிடம் போகின்றவர்கள், அவர் கேட்காவிட்டாலும், தங்களுக்குச் சரவாங்கி இருப்பதையும் சாப்பிடுகின்ற மாத்திரையையும் முதலில் சொல்லிவிடவேண்டும்.